கை தவறும் வழி: நோபர்ட் வீனரின் வாழ்க்கை

மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோகிறோம். இதை ஒரு வேலை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சிறு நேரத்துக்குள் தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் உள்ள பல தசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. எந்தத் தசை எவ்வளவு சுருங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணாமலே கை போகிறது. தேநீர் சிந்தாமல் வாய்க்கு வருகிறது. இது எப்படி நடக்கிறது என்ற கேள்வியைக் கணிதத்தின் மொழியில் கேட்டவர்களுள் முதன்மையானவர் நோபர்ட் வீனர். இதில் எனக்கு வியப்பான விடயம் என்னவென்றால், அவருடைய சொந்தக் கைகள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்பதுதான்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் நான், மூளையின் பகுதிகளைப் பற்றிய பாடத்தில் மூளியைப் பற்றி இரண்டு வரி படித்தேன். உடற் சமநிலையும் அசைவுகளின் ஒருங்கிணைப்பும் மூளியின் தொழில் என்று குறிப்பில் இருந்தது. பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எப்படி ஒருங்கிணைக்கிறது என்று தேடிப்போனபோதுதான் வீனரின் பெயரைச் சந்தித்தேன். அவர் வைத்தியர் அல்லர், கணிதர். அவருடைய வாழ்க்கையை வாசித்து முடித்த பிறகு, இந்த வருட மலரில் வேறு எவரைப் பற்றியும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நோபர்ட் வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் பிறந்தார். தந்தை லியோ வீனர், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பியாலிஸ்டொக் நகரில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பல மொழிகளை ஆழமாகக் கற்றவர். பின்னர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியரானார். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் படைப்புகளை 24 தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த உழைப்பாளி அவர்.

அந்த உழைப்பை அவர் தன் மகனிடமும் எதிர்பார்த்தார். மூத்த மகனான நோபர்ட்டுக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. அட்சர கணிதம், இலத்தீன், ஜெர்மன் மொழி என்று சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. பாடம் எப்போதும் அமைதியாகவே ஆரம்பிக்கும். தந்தை அன்பாகப் பேசுவார். சிறுவன் முதல் பிழையை விட்டதும் எல்லாம் மாறிவிடும். அன்பான தந்தை மறைந்து, பழிவாங்க வந்தவர் போல ஒருவர் எதிரில் நிற்பார். திட்டும் ஏளனமும் தொடரும். சிறுவன் அழுவான். அழுதபடியே அடுத்த கணக்கைச் செய்வான், அதிலும் பிழை வரும். இவை எல்லாவற்றையும் வீனர் ஐம்பது வயதைத் தாண்டிய பின் எழுதிய சுயசரிதையில் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

அவனுக்குக் கிட்டப்பார்வை மிகக் கடுமையாக இருந்தது. எட்டு வயதில் கண் வைத்தியர் ஆறு மாதங்களுக்கு எதையும் வாசிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அந்த ஆறு மாதமும் படிப்பு நிற்கவில்லை. பிறர் வாசித்துக் காட்டக் காதால் கேட்டு, கணக்குகளை மனதுக்குள்ளேயே செய்து பழகினான். கடதாசி இல்லாமல் சிந்திக்கும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவருக்கு உதவியது. கண் தந்த சோதனையில் கிடைத்த நன்மை அது.

உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது நோபர்ட்டுக்கு வயது 11. டஃப்ட்ஸ் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றபோது 14. பத்திரிகைகள் அவனை அதிசயப் பிள்ளை என்று எழுதின. ஆனால் அந்த அதிசயப் பிள்ளைக்கு விருப்பமான பாடம் கணிதம் அல்ல, உயிரியல். ஆகவே 1909இல் விலங்கியல் படிக்க ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் கைகள் அவரைக் கைவிட்டன. வெட்டிச் சோதிக்கும்போது கத்தி போகக் கூடாத இடத்துக்குப் போனது. நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்குக் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. வரைய வேண்டிய படம் வரவில்லை. பொறுமையும் இல்லை. மனதுக்குள் சரியாகத் தெரிந்தது கைக்கு வரும்போது தவறிப் போனது. விலங்கியல் கனவு அந்தச் சில மாதங்களிலேயே முடிந்தது. மகன் இனி மெய்யியல் படிக்கட்டும் என்று தந்தை தீர்மானித்தார். மகனிடம் அவர் கேட்டு முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் இன்னொரு காயமும் பட்டது. ஒரு சஞ்சிகையில் லியோ வீனரின் கல்விமுறையைப் பற்றிக் கட்டுரை வந்தது. தன் பிள்ளைகள் இயல்பிலேயே பெரிய திறமைசாலிகள் அல்லர், தான் பயிற்றிய முறையே அவர்களை உயர்த்தியது என்பது தந்தையின் கருத்து. பதின்ம வயது மகன் அதை வாசித்தார். வென்றால் அது தந்தையின் வெற்றி, தோற்றால் அது தன் தோல்வி என்றே அவருக்குப் பட்டது. அந்த நினைப்பு நீண்ட காலம் அவரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் அடிக்கடி வந்த மனச்சோர்வுக்கு இந்த வருடங்களிலும் வேர் இருந்தது என்றே அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

தன் குடும்பம் யூதக் குடும்பம் என்பதும் ஏறத்தாழ அதே வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. அதுவரை வீட்டில் மறைக்கப்பட்டிருந்தது. தாயே யூதர்களைக் குறைவாகப் பேசக் கேட்டு வளர்ந்தவர் அவர். முன்னோர் வரிசையில் கெய்ரோவில் வைத்தியராக வாழ்ந்த அறிஞர் மூஸா பின் மைமூன் இருக்கிறார் என்று குடும்பத்தில் ஒரு வழக்கும் இருந்தது. இளைஞர் குழம்பினார், கோபப்பட்டார். பின்னர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் இனத்துக்கு எதிரானது என்பதற்காக மட்டும் வெறுப்பை எதிர்த்தால் அது போதாது. எவருக்கு எதிரானதாக இருந்தாலும் வெறுப்பை வெறுப்பு என்பதற்காகவே எதிர்க்க வேண்டும் என்பதே அந்த முடிவு. சிறுபான்மைச் சமூகம் ஒன்றில் வளரும் எனக்கு இந்த இடத்தை வேகமாக வாசித்துக் கடக்க முடியவில்லை.

1913இல் 18 வயதில் ஹாவார்டில் கணிதத் தருக்கவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பேட்ரண்ட் ரசலிடமும் ஹார்டியிடமும், ஜெர்மனியின் கொட்டிங்கனில் ஹில்பேட்டிடமும் பயின்றார். முதலாம் உலகப் போரின் இறுதியில் பீரங்கிக் குண்டுகள் எங்கே விழும் என்று கணித்து அட்டவணை தயாரிக்கும் குழுவில் பணியாற்றினார். 1919இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணித விரிவுரையாளரானார். அதன் பின் வாழ்நாள் முழுவதும் அதுவே அவருடைய இல்லம். 1926இல் மார்கரட்டை மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தனர்.

அந்த நிறுவனத்தின் அருகே சார்ள்ஸ் நதி ஓடுகிறது. வீனர் அதன் கரையில் நடப்பார். ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் அலைகளைப் பார்த்து, இந்த ஒழுங்கின்மைக்கும் ஒரு கணிதம் இருக்குமா என்று சிந்திப்பார். நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகள் ஒழுங்கின்றி ஆடும் பிரவுணியன் அசைவை நாம் இரசாயனவியலில் படித்திருக்கிறோம். அந்த அசைவுக்கு உறுதியான கணித அடித்தளத்தை 1923இல் அமைத்தவர் வீனர்தான். இன்றும் அது அவர் பெயரால் வீனர் செயன்முறை என்று அழைக்கப்படுகிறது. அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதபோதும், எது வரக்கூடும் என்று நிகழ்தகவால் சொல்ல முடியும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல் விமானங்கள் நகரங்களின் மீது குண்டு பொழிந்தன. அவற்றைத் தரையிலிருந்து சுட்டு வீழ்த்துவது மிகக் கடினம். ஒரு விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீரங்கிக் குண்டு அந்த உயரத்தை அடைய 10 செக்கன் எடுத்தால், அதற்குள் விமானம் ஏறத்தாழ 1400 மீற்றர் நகர்ந்துவிடும். ஆகவே விமானம் இருக்கும் இடத்தைக் குறிபார்ப்பதில் பயனில்லை, அது இருக்கப் போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும். விமானியோ நேராகப் பறக்காமல் வளைந்து வளைந்து தப்பப் பார்ப்பார். விமானத்தின் கடந்த பாதையை வைத்து எதிர்காலப் பாதையை நிகழ்தகவால் ஊகிக்கும் கருவி ஒன்றை அமைக்க வீனரும் பொறியியலாளர் ஜூலியன் பிகலோவும் முயன்றார்கள்.

அவர்களுடைய கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. எளிமையான வேறு கருவிகளைவிட அது பெரிதாக மேம்படவில்லை என்று முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் அந்த வேலையின் நடுவே அவர்களுக்கு ஒரு விடயம் புலப்பட்டது. விமானியும் மனிதர், பீரங்கியைத் திருப்புபவரும் மனிதர். இயந்திரத்தைக் கணிக்க வேண்டுமானால் அதைக் கையாளும் மனிதக் கையையும் கணிக்க வேண்டும். அப்படியானால் கை எப்படி வேலை செய்கிறது?

ஊசியில் நூல் கோர்ப்பதை நினைத்துப் பாருங்கள், தோழிகளே. நூலின் முனை ஊசிக் காதுக்கு இடப்பக்கம் நிற்கிறது. கண் அதைக் காண்கிறது. இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மூளைக்குப் போகிறது. மூளை கையைச் சற்று வலப்பக்கம் நகர்த்துகிறது. இப்போது கொஞ்சம் மேலே போய்விட்டது. அந்த வித்தியாசமும் மூளைக்குப் போகிறது. கை சற்றுக் கீழே இறங்குகிறது. இப்படி வித்தியாசம் குறைந்து குறைந்து, அது பூச்சியமாகும்போது நூல் உள்ளே நுழைகிறது. செயலின் விளைவு மீண்டும் செயலைத் திருத்த வருவதால் இதைப் பின்னூட்டல் என்கிறோம். உடல் வெப்பநிலையும் குருதியில் குளுக்கோசின் அளவும் இவ்வாறுதான் சீராகப் பேணப்படுகின்றன என்று ஒருசீர்த்திடநிலை பற்றிய பாடத்தில் படிக்கிறோம். கையின் அசைவுக்குள்ளும் இந்தச் சுற்று இருக்கிறது என்பதே வீனரின் பார்வை.

பொறியியலாளர்கள் இந்தச் சுற்றின் ஆபத்தையும் அறிந்திருந்தார்கள். புதிதாகத் தோணி ஓட்டுபவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். தோணி இடப்பக்கம் விலகியதைக் கண்டு அவர் சுக்கானைப் பலமாகத் திருப்புகிறார். தோணி உடனே திரும்பாது, சற்றுத் தாமதித்தே திரும்பும். அதற்குள் அவர் இன்னும் திருப்பிவிடுகிறார். தோணி வலப்பக்கம் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. பயந்து மறுபக்கம் இன்னும் பலமாகத் திருப்புகிறார். தோணி பாம்பு போல நெளிகிறது. திருத்தம் தாமதமாகவும் அளவுக்கு மிஞ்சியும் வந்தால், பிழை குறையாமல் வளர்ந்து ஊசலாட்டமாகிவிடும்.

இயந்திரத்தில் இப்படி நடக்கும். மனித உடலிலும் நடக்குமா? வீனரும் பிகலோவும் இதை ஆர்துரோ ரொசன்புளூத்திடம் கேட்டார்கள். அவர் மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த உடற்றொழிலியலாளர். ஒருசீர்த்திடநிலை என்ற கருத்துக்குப் பெயர் சூட்டிய வோல்டர் கனனுடன் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். ஒரு பென்சிலை எடுக்கக் கை நீட்டும்போது, கை இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மீண்டும் தாண்டிப் போய், கட்டுக்கடங்காமல் ஊசலாடும் நோய் ஏதும் உண்டா என்பதே கேள்வி. உண்டு என்றார் ரொசன்புளூத். மூளியில் பாதிப்பு ஏற்பட்டவர்களிடம் அது காணப்படும். சும்மா இருக்கும்போது கை நடுங்காது. ஒன்றை எடுக்க வேண்டும் என்று நினைத்துக் கை நீட்டும்போதுதான் நடுங்கும். அதனால் அதற்கு நோக்க நடுக்கம் என்று பெயர்.

இந்தப் பதில் எனக்கு ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி இருந்தது. பீரங்கியைப் பற்றிய கணக்குக்கும் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கும் நோயாளிக்கும் ஒரே சமன்பாடு பொருந்துகிறது. 1943இல் மூவரும் சேர்ந்து, நோக்கமுள்ள நடத்தை என்பது பின்னூட்டலால் இயங்குவதே என்று விளக்கும் கட்டுரையை வெளியிட்டார்கள். பின்னர் வீனர் மெக்சிகோவுக்குப் போய் ரொசன்புளூத்துடன் சேர்ந்து பூனையின் தொடைத் தசை அடுத்தடுத்துத் துடிப்பதை அளந்து, அந்த ஊசலாட்டத்தைக் கணிதத்தால் விளக்கவும் முயன்றார். ஹாவார்டின் விலங்கியல் ஆய்வுகூடத்தைக் கைகளால் இழந்தவர், மூன்று தசாப்தங்களுக்குப் பின் கணிதத்தின் வழியாக ஆய்வுகூடத்துக்குள் திரும்பி வந்தார். கத்தி பிடிக்க ரொசன்புளூத் இருந்தார், கணக்குப் போட வீனர் இருந்தார்.

1948இல் இந்த எண்ணங்கள் எல்லாம் சைபர்னெட்டிக்ஸ் என்ற நூலாக வெளிவந்தன. விலங்கிலும் இயந்திரத்திலும் கட்டுப்பாடும் தொடர்பாடலும் எப்படி நிகழ்கின்றன என்பதே அதன் பொருள். பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள் நிறைந்திருந்தும் அது பரவலாக விற்பனையானது. இன்று நாம் அன்றாடம் சொல்லும் சைபர் என்ற சொல் அந்த நூலின் பெயரிலிருந்தே பிரிந்து வந்தது. கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வீனர் அந்தப் பெயரை ஆக்கினார். நம்முடைய மொழியில் சுக்கான் என்பது அரபுச் சொல். மாலுமி என்பதும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததுதான். கப்பலுக்கு வழிகாட்டுபவருக்கும் நமக்கு ஓதிக்கொடுப்பவருக்கும் ஒரே சொல் என்பதை அறிந்தபோது மனதுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த நூலில் வீனர் இரண்டு நோயாளிகளை வர்ணிக்கிறார். ஒருவருக்குக் கால்களில் பலம் இருக்கிறது, ஆனால் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி முண்ணாணினூடாக மூளைக்குப் போவதில்லை. அவர் நிலத்தைப் பார்த்தபடியே நடக்கிறார். கண்ணை மூடினால் விழுந்துவிடுவார். மற்றவருக்குச் செய்தி போகிறது, ஆனால் மூளி பழுதுபட்டதால் திருத்தம் அளவுக்கு மிஞ்சி வருகிறது. தண்ணீர்க் குவளையை எடுத்தால் வாய்க்கு வருமுன் அது முழுவதும் சிந்திவிடும். இருவருக்கும் தசைகள் நலமே. ஒருவருக்குத் தன் பிழை தெரியவில்லை. மற்றவருக்குத் திருத்தத்தின் அளவு தெரியவில்லை.

இதை வாசித்தபோது நான் மீண்டும் அந்தச் சிறுவனையே நினைத்தேன். வீனர் தன் கொள்கையையும் தன் தந்தையின் பாடங்களையும் இணைத்து எழுதியதாக நான் சொல்ல வரவில்லை. இது என் எண்ணம் மட்டுமே. கை இலக்கை அடைவது பிழையே விடாததால் அல்ல. பிழை உடனுக்குடன் தெரிவதாலும், அந்தப் பிழையின் அளவுக்கே திருத்தம் வருவதாலும்தான். பிழை சொல்லப்படாவிட்டால் கை வழி தெரியாமல் போகும். சிறு பிழைக்குப் பெரிய திருத்தம் வந்தால் கை நடுங்கும். அழுதபடி அடுத்த கணக்கிலும் பிழை விட்ட அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதானே? செயன்முறை வகுப்பில் ஆசிரியை பின்னால் வந்து நின்றவுடன் கை நடுங்கும் தோழி ஒருத்தி எங்கள் மத்தியிலும் இருக்கிறாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவள் வரையும் படம்தான் வகுப்பிலேயே அழகானது. புள்ளி குறைந்ததற்காகப் பிள்ளையின் ஒரு வருட உழைப்பையே பழிக்கும் வீடுகளும் நம் ஊரில் இல்லாமல் இல்லை. திருத்த வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. பிழையின் அளவுக்குத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வீனர் தன் தந்தையை வெறுத்தாரா? இல்லை. 1950இல் பொதுமக்களுக்காக எழுதிய தன் நூலை, 1939இல் காலமான தந்தையின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். தனக்கு மிக நெருங்கிய ஆசானும் தன்னோடு மிக மோதியவரும் அவர் ஒருவரே என்பதை மறைக்கவும் இல்லை. அன்பும் காயமும் ஒரே மனிதரிடமிருந்து வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளப் பெரிய மனது வேண்டும்.

அறிவால் மட்டும் அவர் பெரியவரானவர் அல்லர். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மீது அணுகுண்டு வீசப்பட்ட பிறகு வீனரின் மனம் மாறிவிட்டது. ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த ஒருவர், போர்க்காலத்தில் அவர் எழுதிய அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டார். வீனர் கொடுக்க மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் அந்தக் கடிதத்தை 1947 ஜனவரியில் ஒரு முன்னணிச் சஞ்சிகையில் பகிரங்கமாக வெளியிட்டார். பாதுகாப்பற்ற மக்களைக் கொல்லப் பயன்படக்கூடிய எந்த ஆய்வையும் இனி வெளியிடமாட்டேன் என்பதே அதன் சாரம். போர் ஆய்வுக்குப் பணம் ஆறாக ஓடிய காலத்தில் அதை வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகச் சிலரே.

தொழிலாளர்களைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார். தாமாகவே தம்மைத் திருத்திக்கொள்ளும் இயந்திரங்கள் தொழிற்சாலைகளுக்கு வரும், ஏராளமானோர் வேலை இழப்பர் என்று 1949இலேயே அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்டர் ரூதருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். 1955-56இல் நமக்கு அண்மையிலுள்ள கொல்கத்தாவுக்கு வந்து, மஹலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சில மாதங்கள் பணியாற்றியும் சென்றார்.

வீனர் சொன்னது முழுக்கதை அல்ல. கண் கண்ட செய்தி மூளைக்குப் போய்த் திருத்தமாகக் கைக்குத் திரும்பப் பத்தில் ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கிறது. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கவும், பியானோவில் விரல்கள் ஓடவும் அந்தத் தாமதம் மிக அதிகம். பிழை தெரிந்த பின்புதான் திருத்துவது என்றால் பந்து போய்விடும். பறக்கும் வாத்தைச் சுடுபவர் வாத்து இருக்கப் போகும் இடத்தைக் குறிபார்ப்பதைக் காட்டி, முன்கூட்டி ஊகிப்பதும் உடலுக்கு வேண்டும் என்று வீனரே எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார்கள். கைக்குக் கட்டளை அனுப்பும்போதே, இந்தக் கட்டளையால் கை எங்கே போய் நிற்கும் என்று மூளை தனக்குள் கணித்துக்கொள்கிறது என்றும், அந்தக் கணிப்பில் மூளிக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணித்தது ஒன்று, நடந்தது வேறு என்றால், அந்த வித்தியாசமே மூளிக்குப் பாடம். அடுத்த முறை அது சற்றுச் சரியாகக் கணிக்கும். பயிற்சி என்று நாம் சொல்வதன் உள்ளே இதுதான் நடக்கிறது.

1961இல் வீனர் விழுந்து காலை முறித்துக்கொண்டு பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றில் இருந்தார். அப்போது எலும்பு வைத்தியர்களோடு செயற்கைக் கையைப் பற்றிப் பேசினார். கையை இழந்தவரின் எஞ்சிய தசைகளுக்கு மூளையின் கட்டளை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. தசை சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தை எடுத்துப் பெருக்கி, அதனால் செயற்கைக் கையை அசைக்கலாம் அல்லவா? இந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததே பொஸ்டன் கை என்று அழைக்கப்படும் கருவி. போரில் பீரங்கிக்காகத் தொடங்கிய கணக்கு, கையிழந்தவர் ஒருவரின் முழங்கையை மடக்க உதவும் நிலைக்கு வந்தது. யுத்தத்திலும் கண்ணிவெடியிலும் அவயவங்களை இழந்த எத்தனையோ பேர் வாழும் நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

1964 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதியின் கையால் தேசிய விஞ்ஞான விருதைப் பெற்றார். அதே வருடம் மார்ச் 18ஆம் திகதி சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில், மாடிப்படியில் மாரடைப்பு ஏற்பட்டு, 69ஆவது வயதில் காலமானார்.

நம் கல்லூரியில் சாதாரண தரம் முடிந்ததும் நாங்கள் பிரிந்துவிடுகிறோம். உயிரியல் எடுத்தவர்கள் கணிதப் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். இணைந்த கணிதம் எடுத்தவர்களுக்கு இதயமும் நரம்பும் வேற்றூர்ச் செய்தியாகிவிடுகின்றன. விஞ்ஞானத் துறைகளுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தில்தான் நல்ல விளைச்சல் இருக்கிறது என்று நம்பியவர் வீனர். நோக்க நடுக்கம் எதனால் வருகிறது என்று கணிதர் தனியாக அறிந்திருக்க முடியாது, வைத்தியரும் தனியாக விளக்கியிருக்க முடியாது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததால்தான் பதில் கிடைத்தது. அடுத்த தவணையில் கணிதப் பிரிவுத் தோழிகள் இருவரிடம் வாரம் ஒருநாள் வகையீடு கற்றுக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு அவர்களுக்கு மூளியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதாக உடன்பாடு. இன்ஷா அல்லாஹ், விரும்பும் எவரும் வந்து சேரலாம்.